ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைய, பாதுகாப்போ குறைவு: எச்.ஐ.வி.யும் பி செல்களும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னையில் ஆய்வக நுட்புநராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று பல பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சி.டி.4 எண்ணிக்கையைப் (ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சி.டி.4 செல்கள் எத்தனை என்ற கணக்கு) பற்றியும் வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பற்றியும் அவர்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்திருந்தது. ஆன்டிபாடியைச் சுரக்கும் பி செல்களுக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடியைப் பாடநூல்கள் எதிர்ப்பொருள் என்கின்றன. மருத்துவமனையில் எல்லோரும் சொல்வது ஆன்டிபாடி என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

எச்.ஐ.வி. தாக்குவது சி.டி.4 செல்களைத்தானே? பி செல்களுக்கு அதனால் என்ன பாதிப்பு?

எச்.ஐ.வி. உள்ளே புகுந்து பெருகுவது பெரும்பாலும் சி.டி.4 என்னும் புரதத்தைத் தாங்கிய டி செல்களில்தான். பி செல்களுக்குள் அது பொதுவாகப் பெருகுவதில்லை. ஆனாலும், தொற்று ஏற்பட்ட முதல் சில மாதங்களிலேயே பி செல்களின் அமைப்பும் செயலும் குலையத் தொடங்கிவிடுகின்றன. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நல்ல ஆன்டிபாடியை உருவாக்க பி செல்லுக்கு சி.டி.4 டி செல்லின் துணை தேவை. அந்தத் துணை சிதைந்துவிடுவது ஒரு வழி. வைரஸ் ஓயாமல் பெருகுவதால் உடல் முழுவதும் நிலவும் அழற்சி, பி செல்களை இரவும் பகலும் தூண்டிக்கொண்டே இருப்பது மற்றொரு வழி. இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. எய்ட்ஸ் நோயாளிகளின் பி செல்கள் தூண்டுதல் இல்லாமலேயே ஆன்டிபாடியைச் சுரப்பதையும், புதிய பொருள் ஒன்றை உடலில் செலுத்தினால் அதற்கு எதிராக ஆன்டிபாடியை உருவாக்கத் திணறுவதையும் கிளிஃபோர்ட் லேன், அந்தோணி ஃபௌச்சி குழுவினர் 1983ஆம் ஆண்டிலேயே பதிவு செய்துவிட்டனர். எச்.ஐ.வி. என்ற வைரஸே அந்த ஆண்டில்தான் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தக் குறை எவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்திருக்கிறது என்பது விளங்கும்.

நலமான உடலில் பி செல் எப்படி வேலை செய்கிறது?

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ஒவ்வொரு பி செல்லும் ஒரே ஒரு வடிவத்தை அடையாளம் காணும் ஏற்பியைத் தாங்கிக்கொண்டு ரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் சுற்றி வருகிறது. தனக்குப் பொருந்தும் கிருமியைச் சந்தித்ததும் கணுவுக்குள் இருக்கும் முளைப்பு மையம் என்னும் இடத்தில் அது பெருகத் தொடங்குகிறது. பெருகும்போது தன் ஏற்பியின் மரபணுவைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறது. முன்னைவிட இறுக்கமாகக் கிருமியைப் பற்றும் செல் எது என்று பார்த்து, அதற்கு மட்டும் பிழைத்திருக்க அனுமதி கொடுப்பது, சி.டி.4 டி செல்களில் ஒரு வகையான உதவி டி செல்லின் பொறுப்பு. இப்படித் தேறியவற்றுள் சில, பிளாஸ்மா செல்களாக மாறி ஆன்டிபாடியைச் சுரக்கின்றன. மற்றவை நினைவு பி செல்களாக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறதே, அந்த வீக்கத்துக்குள் நடப்பதில் பெரும்பகுதி இந்தத் தேர்வுதான்.

என் ரிப்போர்ட்டில் குளோபுலின் கூடுதலாக இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் காசிமேடு துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கும் தொழிலாளி ஒருவர். ரத்தத்தில் மொத்தப் புரதம் 9.6, அதில் ஆல்புமின் 3.4, குளோபுலின் 6.2 (எல்லாம் டெசிலிட்டருக்கு கிராம் கணக்கில்) என்று இருந்த தாளை மேசையில் விரித்து, "புரோட்டீன் ஏறியிருக்கு, நல்லதுதானே சார்?" என்று அவர் கேட்டபோது அவர் முகத்தில் இருந்த நம்பிக்கை எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. குளோபுலின் பொதுவாக 2 முதல் 3.5 வரைக்குள் இருக்க வேண்டும். ஏறியிருந்தது பெரும்பாலும் ஆன்டிபாடிதான், அதிலும் ஐ.ஜி.ஜி. வகைதான், ஆனால் அவை அவரைக் காக்கும் ஆன்டிபாடிகள் அல்ல. அந்த ஆண்டில் மட்டும் அவர் இரண்டு முறை நிமோனியாவுக்காக மருத்துவமனையில் படுத்திருந்தார்.

அவருடைய ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். சிவப்பணுக்கள் தனித்தனியாகக் கிடக்காமல், கேரம் காய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சாய்த்துவிட்டது போல வரிசை வரிசையாக ஒட்டிக்கிடந்தன. பிளாஸ்மாவில் ஐ.ஜி.ஜி. மிகுந்துவிட்டால் சிவப்பணுக்கள் ஒன்றையொன்று விலக்கும் விசை தளர்ந்து இப்படி அடுக்கிக்கொள்ளும், சிவப்பணுக்கள் கீழே படியும் வேகத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு எகிறுவதற்கும் இதுவே காரணம். புரதங்களை மின்புலத்தில் பிரித்துப் பார்க்கும் எலெக்ட்ரோபோரெசிஸ் சோதனையில், எலும்பு மஜ்ஜைப் புற்றான மைலோமாவில் ஒரே செல் பெருகுவதால் ஒற்றைத் தூண் போன்ற கூர்மையான முனை தெரியும், எச்.ஐ.வி.யில் ஆயிரக்கணக்கான வேறு வேறு பி செல்கள் ஒரே நேரத்தில் சுரப்பதால் அகன்ற மேடு தெரியும். குளோபுலின் ஏறியிருந்தாலே எச்.ஐ.வி. என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. காசநோய், கல்லீரல் சுருக்கம், மூட்டுவாதம் போன்ற நாள்பட்ட நிலைகளிலும் அது ஏறும்.

பயன்படாத ஆன்டிபாடியை உடல் ஏன் இவ்வளவு சுரக்கிறது?

காரணங்கள் பல, அவற்றுள் குடலே முதன்மையானது என்பது என் கருத்து. உடலின் டி செல்களில் பெரும்பகுதி குடல் சுவரில்தான் தங்கியிருக்கிறது. தொற்றின் முதல் வாரங்களிலேயே அங்குள்ள சி.டி.4 செல்கள் பெருமளவில் அழிந்துபோகின்றன. காவல் குறைந்த அந்தச் சுவரின் வழியாகக் குடல் பாக்டீரியாவின் துகள்கள் ரத்தத்துக்குள் கசிகின்றன. இந்தக் கசிவுக்கும் உடல் முழுவதும் பரவும் அழற்சிக்கும் உள்ள தொடர்பை 2006இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. அத்துகள்கள் பி செல்களை நேரடியாகவே தட்டி எழுப்பக்கூடியவை. இதனுடன் அழற்சியின்போது செல்கள் சுரக்கும் இன்டர்லூகின்-6, இன்டர்ஃபெரான் என்னும் புரதங்கள், பி செல்களின் ஆயுளை நீட்டிக்கும் பாஃப் என்னும் புரதம் ஆகியவையும் ரத்தத்தில் ஏறுகின்றன. விளைவாக, எந்தக் கிருமியையும் நேரில் சந்திக்காத பி செல்களும் பிளாஸ்மா செல்களாக மாறி, கிடைத்ததைச் சுரக்கின்றன. விடியற்காலை மீன் ஏலத்தில் ஏலம் கூறுபவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் எந்தக் கூடைக்கு என்ன விலை என்று ஒருவருக்கும் கேட்காது அல்லவா, அந்த நிலைதான் அப்போது ரத்தத்திலும் நிலவுகிறது.

பி செல்கள் எண்ணிக்கையில் குறைகின்றனவா, தன்மையில் மாறுகின்றனவா?

இரண்டும் நடக்கிறது, தன்மை மாற்றமே அதிகம் பாதிக்கிறது. நலமானவரின் ரத்தத்தில் அமைதியாகக் காத்திருக்கும் நினைவு பி செல்களுக்கு ஒரு பங்கு உண்டு. சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்றில் அந்தப் பங்கு சுருங்கி, அதன் இடத்தில் மூன்று வகைச் செல்கள் பெருகுகின்றன: சி.டி.4 குறைந்ததன் எதிரொலியாக மஜ்ஜையிலிருந்து முதிராமலேயே வெளிவரும் இளம் பி செல்கள், ஓயாமல் தூண்டப்பட்டு விரைவில் மடியும் செல்கள், களைத்துப்போன நினைவுச் செல்கள். இந்தக் கடைசி வகையின் மேற்பரப்பில் 'நிறுத்து' என்று கட்டளையிடும் ஏற்பிகள் மிகுந்திருப்பதால், கிருமியே நேரில் வந்து நின்றாலும் அவை பெருகுவதில்லை. எச்.ஐ.வி.யை அடையாளம் காணக்கூடிய பி செல்களில் கணிசமானவை இந்தக் களைத்த கூட்டத்தில் சிக்கிக்கொள்வதுதான் பெரிய இழப்பு. சிறுவயதில் வந்த தட்டம்மைக்கும், போட்டுக்கொண்ட டெட்டனஸ் ஊசிக்கும் உடல் சேர்த்துவைத்த ஆன்டிபாடிகளும், நினைவுச் செல்கள் குறையக் குறைய மெல்லத் தேய்கின்றன.

நிணநீர்க் கணுக்களிலும் இதற்கு இணையான மாற்றம் நடக்கிறது. நாள்பட்ட தொற்றில் உதவி டி செல்கள் முதலில் எண்ணிக்கையில் பெருகுவதும் உண்டு. ஆனால் அவற்றிலேயே வைரஸ் ஒளிந்துகொள்கிறது, பி செல்லுக்குத் தர வேண்டிய உதவியையும் அவை சரிவரத் தருவதில்லை. நோய் முற்றும்போது முளைப்பு மையங்கள் அழிந்து, கணு நாராக இறுகிப்போகிறது.

எச்.ஐ.வி.க்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாகிறதே, அது ஏன் வைரஸை ஒழிப்பதில்லை?

என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் மிகக் கூர்மையான கேள்வி இது. ரத்தத்தில் வைரஸ் தென்பட்டு ஏறத்தாழ 2 வாரங்களில், வைரஸின் மேலுறையில் உள்ள ஜிபி41 என்னும் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி வருகிறது. அதற்குச் சில வாரங்கள் கழித்து ஜிபி120 என்னும் வெளிப்புரதத்துக்கு எதிரானது வருகிறது. இவை வைரஸில் ஒட்டுகின்றன, ஆனால் அது செல்லுக்குள் நுழைவதைத் தடுப்பதில்லை. முதலில் வரும் ஜிபி41 ஆன்டிபாடிகளில் பல, குடல் பாக்டீரியாவைச் சந்தித்த பழைய நினைவுச் செல்களிலிருந்து கிளம்பியவை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது, புதிய பகைவனுக்கு எதிராக உடல் பழைய ஆயுதத்தையே எடுத்து நீட்டுகிறது.

நுழைவைத் தடுக்கும் ஆன்டிபாடி வருவதற்கு மேலும் சில மாதங்கள் ஆகின்றன. அதற்குள் வைரஸ் மாறிவிடுகிறது. தன் மரபணுவைப் படியெடுக்கும் நொதி அடிக்கடி பிழை செய்வதால், எச்.ஐ.வி. ஒரே உடலுக்குள் எண்ணற்ற சாயல்களில் உலவுகிறது. ஆன்டிபாடிக்குத் தப்பும் சாயல் எதுவோ அதுவே அடுத்துப் பெருகுகிறது. நோயாளியிடம் இன்று எடுத்த ரத்தத்திலுள்ள ஆன்டிபாடி, சில மாதங்களுக்கு முன் அவர் உடலில் இருந்த வைரஸை நன்றாக அடக்கும். இன்றைய வைரஸை அடக்காது. இதை ஆய்வகத்தில் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறார்கள். பி செல் சோம்பி இருக்கவில்லை, ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் எப்போதும் ஓரடி பின்னால் ஓடுகிறது.

வைரஸின் உடையும் அதற்குத் துணை செய்கிறது. ஜிபி120 புரதத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரைப் பூச்சுதான். அந்தச் சர்க்கரைகளை ஒட்டவைப்பது நம்முடைய சொந்தச் செல்களே என்பதால் பி செல்கள் அவற்றை அந்நியமாகக் கருதுவதில்லை. மேலும், இன்ஃபுளுயன்சா வைரஸின் மேல் நூற்றுக்கணக்கான முட்கள் இருக்க, எச்.ஐ.வி.யின் மேல், ஜிபி120உம் ஜிபி41உம் சேர்ந்து அமைந்த ஏறத்தாழ 14 முட்களே இருக்கின்றன. ஆன்டிபாடி தன் இரண்டு கைகளாலும் இரண்டு முட்களைப் பற்றிக்கொள்வதற்கு வாய்ப்பே அரிது.

எல்லா வகை எச்.ஐ.வி.யையும் அடக்கும் ஆன்டிபாடி சிலரிடம் இருக்கிறது என்கிறார்களே?

உண்மைதான். தொற்று ஏற்பட்டுச் சில ஆண்டுகள் கழித்து, நூற்றில் 10 முதல் 25 பேருக்குப் பல வகை வைரஸ்களையும் அடக்கும் ஆன்டிபாடி உருவாகிறது. 2010இல் அறிவிக்கப்பட்ட வி.ஆர்.சி.01 அவற்றுள் ஒன்று, வைரஸ் சி.டி.4ஐப் பற்றும் இடத்தையே அது அடைத்துவிடுகிறது. ஆன்டிபாடியை ஆக்கும் இரு வகைப் புரதச் சங்கிலிகளில் பெரியது கன சங்கிலி; வி.ஆர்.சி.01இன் கன சங்கிலியில் கிருமியைப் பற்றும் மாறும் பகுதி, பிறந்தபோதிருந்த வடிவிலிருந்து சுமார் 30 விழுக்காடு மாறியிருக்கிறது. முளைப்பு மையத்தில் எத்தனை சுற்றுத் தேர்வுகளைக் கடந்து வந்திருக்கும் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. ஆனாலும் அதை உருவாக்கியவரின் உடலில் உள்ள வைரஸ் அதற்குள் தப்பிவிடுவதால், அவருக்கு அது நோயைத் தீர்ப்பதில்லை.

இதையே மருந்தாகக் கொடுத்துத் தொற்றைத் தடுக்க முடியுமா என்று 4,600க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. ஒட்டுமொத்தத் தொற்று குறையவில்லை. அந்த ஆன்டிபாடிக்கு எளிதில் அடங்கும் வைரஸ் வகைகளில் மட்டும் தொற்று ஏறத்தாழ 75 விழுக்காடு குறைந்தது. தடுப்பூசி முயற்சியில் நம் ஊருக்கும் பங்கு உண்டு: 2006இல் சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தில் எச்.ஐ.வி. தடுப்பூசியின் முதற்கட்டச் சோதனை நடந்தது. தாய்லாந்தில் 16,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2009இல் அறிவிக்கப்பட்ட ஆய்வில் கிடைத்த பாதுகாப்பு 31 விழுக்காடு. இப்போது நடக்கும் முயற்சி வேறு வகையானது, வி.ஆர்.சி.01 போன்ற ஆன்டிபாடியைத் தரக்கூடிய அரிய இளம் பி செல்லை முதல் ஊசியால் எழுப்பி, அடுத்தடுத்த ஊசிகளால் படிப்படியாக வழிநடத்துவது. முதல் ஊசி அத்தகைய செல்களை 36 பேரில் 35 பேருக்கு எழுப்பியது என்று 2022இல் வெளியிட்டார்கள். எனக்குப் பெரிய நம்பிக்கை தரும் செய்தி இது.

பரிசோதனையே ஆன்டிபாடியைத்தானே பார்க்கிறது? பி செல் கெட்டிருந்தால் முடிவு தவறாக வராதா?

பெரும்பாலும் வராது. பி செல்களின் குறை ஆன்டிபாடியின் தரத்தில்தான், எச்.ஐ.வி.க்கு எதிரான ஆன்டிபாடியின் அளவு பரிசோதனைக்குப் போதுமானதற்கும் மேலாகவே இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் காட்டியதும் ஆன்டிபாடிதான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், ஆன்டிபாடியைக் கண்டறியும் எலைசா முறையில் சோதிக்கப்பட்டபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது.

கவனிக்க வேண்டியது, ஆன்டிபாடி தோன்றுவதற்கு முந்தைய இடைவெளிக் காலம். விரலில் குத்தி எடுக்கும் துரிதப் பரிசோதனையில் தொற்று தெரிய 23 முதல் 90 நாட்கள் வரை ஆகலாம். வைரஸின் பி24 புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை ஆய்வகச் சோதனையில் 18 முதல் 45 நாட்கள் ஆகலாம். ஆகவே, நேற்று நடந்ததற்கு இன்று 'நெகட்டிவ்' என்று வந்தால் அதில் பொருள் இல்லை. அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்களான நம்பிக்கை மையங்களில் ஒரே சோதனையை வைத்துப் பாசிட்டிவ் என்று அறிவிப்பதும் இல்லை. வெவ்வேறு முறையில் அமைந்த மூன்று சோதனைகளும் ஒன்றுபட்டால்தான் அறிவிக்கிறார்கள்.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) சாப்பிட்டால் ஆன்டிபாடி மறைந்து, டெஸ்ட் நெகட்டிவ் ஆகிவிடுமா?

பொதுவாக ஆகாது, வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிய பிறகும் ஆன்டிபாடி பரிசோதனை பாசிட்டிவாகவே இருக்கும். தொற்று ஏற்பட்ட ஓரிரு வாரங்களிலேயே மருந்து தொடங்கியவர்கள் சிலருக்கு ஆன்டிபாடி மிகக் குறைவாக இருந்து, துரிதப் பரிசோதனை நெகட்டிவ் என்று காட்டுவதுண்டு. அதை நோய் தீர்ந்ததாக எண்ணி மருந்தை நிறுத்தினால் வைரஸ் சில வாரங்களில் திரும்பிவிடும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வெளியே ஏதோ ஓர் ஆய்வகத்தில் மறுபடி டெஸ்ட் எடுத்து, அந்தத் தாளை நம்பி மருந்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தாய்க்கு எச்.ஐ.வி.; பிறந்த குழந்தைக்கும் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. குழந்தைக்குத் தொற்று உறுதியா?

உறுதி இல்லை, கலங்க வேண்டாம். தாயின் ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்கிறது. அது முழுவதும் தேய்ந்து மறைய 18 மாதங்கள் வரை ஆகும். அதுவரை ஆன்டிபாடி பரிசோதனை காட்டுவது தாயின் ஆன்டிபாடியாகவும் இருக்கலாம். அதனால்தான் 6 வாரத்தில் குதிகாலில் குத்தி, தாளில் ரத்தப் பொட்டு எடுத்து, வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனை செய்கிறார்கள். தொற்று உள்ள குழந்தைக்கு மருந்தை உடனே தொடங்கியாக வேண்டும். ஏனென்றால் பெரியவர்களுக்கு இருக்கும் பழைய நினைவுச் செல்கள்கூட அந்தப் பிஞ்சு உடலில் இன்னும் உருவாகியிருக்காது.

தடுப்பூசிகள் எங்களுக்கு வேலை செய்யுமா?

செய்யும், சற்றுக் குறைவாக. வைரல் லோடு அடங்கி, சி.டி.4 எண்ணிக்கை 200க்கு மேல் ஏறியிருக்கும்போது போட்டால் நல்ல பலன் கிடைக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது: வழக்கமான அளவுக்குச் சிலரின் பி செல்கள் எழுவதில்லை என்பதால் இரட்டிப்பு அளவில் கொடுப்பதுண்டு, முடித்த ஓரிரு மாதங்களில் ஆன்டிபாடி அளவு 10 அலகைத் தாண்டியிருக்கிறதா என்று சோதித்துக்கொள்வது நல்லது. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரான ஊசி, ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசி ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். தட்டம்மை, சின்னம்மை போன்றவற்றுக்கான உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை சி.டி.4 200க்குக் கீழ் இருக்கும்போது போடக் கூடாது.

மருந்து தொடங்கினால் பி செல்கள் பழைய நிலைக்குத் திரும்புமா?

பெருமளவு திரும்பும். குளோபுலின் இறங்கும், களைத்த செல்களும் முதிராத செல்களும் குறையும். நான் முன்பு சொன்ன தொழிலாளி, மருந்து தொடங்கி ஓராண்டுக்கும் மேல் கழித்துக் கொண்டுவந்த தாளில் குளோபுலின் 3.9 என்று இருந்தது. பூச்சில் சிவப்பணுக்கள் விலகிக் கிடந்தன. நினைவு பி செல்கள் மட்டும், பல ஆண்டுகள் கழித்து மருந்து தொடங்கியவர்களுக்கு முழுமையாக மீள்வதில்லை. தொற்றின் தொடக்கத்திலேயே மருந்து எடுத்தவர்களுக்கு அவை நன்றாக மீள்கின்றன. சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் உடனே மருந்து என்ற கொள்கையை இந்தியா 2017 முதல் கடைப்பிடிக்கிறது. "இன்னும் நல்லாத்தானே இருக்கேன், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது இந்த நினைவுச் செல்களின் கணக்கைத்தான்.

கழுத்தில் நெறி கட்டிக் குறையவே இல்லை. பயப்பட வேண்டுமா?

எச்.ஐ.வி.யில் பல இடங்களில் சிறிதாக நெறி கட்டியிருப்பது பொதுவானது. நம் ஊரில் காசநோயும் இதற்கு முக்கியக் காரணம். ஆனால் பி செல்கள் ஆண்டுக்கணக்கில் ஓயாமல் பிரிவதால் அவற்றின் மரபணுவில் பிழை நேர்ந்து லிம்போமா என்னும் புற்று வரும் வாய்ப்பும் கூடுகிறது, சி.டி.4 ஓரளவு நன்றாக இருக்கும்போதே பர்க்கிட் லிம்போமா வந்துவிடக்கூடும். ஒரே இடத்தில் வேகமாக வளரும் கட்டி, இரவு வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் ஊசி வைத்தோ சதை எடுத்தோ சோதித்துவிட வேண்டும்.

வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ், பிளேட்லெட் குறைவு: இவையும் பி செல் கோளாறா?

ஆகலாம். குறியில்லாமல் சுரக்கும் ஆன்டிபாடிகளில் சில, சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் இல்லாமலேயே, அந்நோயைத் தேடும் வி.டி.ஆர்.எல். சோதனையைப் பாசிட்டிவாகக் காட்டுவதுண்டு, அந்நோய்க்கே உரிய டி.பி.எச்.ஏ. சோதனையால் உறுதி செய்துகொள்ளலாம். வேறு சில, ரத்தம் உறைய உதவும் சொந்தப் பிளேட்லெட்டுகளின் மீதே ஒட்டி அவற்றைக் குறைக்கின்றன. கூட்டு மருந்து தொடங்கினால் இது பலருக்கும் சீராகிறது.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? வெளியே தெரிந்துவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது.

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தின் ஆற்றுநரிடமும் (ஆலோசகர்) ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடமும் கேட்கலாம். 1097 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். உங்கள் ஒப்புதல் இல்லாமல் பரிசோதிப்பதையும் உங்கள் நிலையை வெளியிடுவதையும் தடுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள் அனைத்தையும் தேதி வாரியாக எடுத்துச் செல்லுங்கள். குளோபுலின் போன்ற எண்களை ஒற்றைத் தாளை வைத்து அறிவதைவிட, இரண்டு மூன்று தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தால் மருத்துவருக்குக் கூடுதலாகப் புலப்படும்.